மிஸி வீட்டு முக்காலி

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். எங்கள் தோட்டத்து மிஸியின் வீட்டுக்குள் நான் நுழைந்தபோது, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த பிரம்பு முக்காலியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அந்த நேரத்தில்தான். அது என்னுடைய இடம். இப்போது அந்த முக்காலி என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. இரண்டு வருடமாகியும் அதில் நிம்மதியாக உட்கார என்னால் முடியவில்லை. மகள் விடுமுறைக்கு வந்தால், அது காலியாக இருக்கும்போதும் தரையில்தான் உட்காருகிறாள்.

மிஸி எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் தாதி. அக்கரப்பத்தனையிலிருந்து டயகம போகும் பாதைக்கு மேலே இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். நான் அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. என் கணவர் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தார். மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் பதினேழு வயது மகளும் மட்டும். மிஸியின் தம்பி லண்டனில் இருந்தார். அவர் ஒரு வீடியோ டெக் வாங்கி அனுப்பியிருந்தார். அங்கே தொலைக்காட்சியில் ஓடும் படங்களைப் பதிந்து கசெட்டுகளும் அனுப்புவார். பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வீட்டுக்குள் எடுத்து முடித்த சின்னப் படங்கள். சிலவற்றில் பேய் வரும். சிலவற்றில் ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் நேசிப்பார்கள். இரண்டும் சேர்ந்து வருகிற படங்களும் உண்டு. தம்பி ஏன் இவற்றையே பொறுக்கி அனுப்பினார் என்று மிஸி ஒருநாளும் விளக்கியதில்லை. “அவனுக்குப் புடிச்சதை அனுப்புறான், அனுப்பட்டுமே” என்பார்.

மிஸிக்குத் தெரிந்த இங்கிலீஷ் மருந்துப் போத்தல்களோடு முடிந்துவிடும். நான் ஹட்டனில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்பதால், வசனத்தைத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டு அந்த முக்காலியில் உட்காரவைத்தார். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் ஆயம்மாக்கள் இரண்டு பேரும் வருவார்கள். மிஸி கம்பளி பின்னிக்கொண்டே பார்ப்பார். படத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பார். “கதவை ஆட்டுற பேயி, லைட்டை அணைக்கிற பேயி எல்லாம் வேலையத்த பேயி, டீச்சர். நல்ல பேயின்னா அதுக்கு ஏதாச்சும் ஒண்ணு வேணும். அது என்னான்னு தெரிஞ்சிட்டா நமக்குப் பயம் போயிரும், பாவமா இருக்கும்.” எத்தனையோ பேரின் கடைசி மூச்சைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்வதால் ஆயம்மாக்கள் அதை அப்படியே நம்பினார்கள்.

நான் ஒன்று செய்தேன். இறந்துபோன ஒருவன் தன் காதலனைத் தேடி வருகிற படத்தில், அந்த இரண்டு ஆண்களையும் அண்ணன் தம்பி என்று சொல்லிவிட்டேன். வாயில் வேறு சொல் வரவில்லை. மூத்த ஆயம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “எனக்கும் ரெண்டு தம்பிங்க இருக்கானுங்களே, ஒரு வெத்தலை வாங்கிக் குடுத்திருப்பானுங்களா” என்றார். மிஸி படத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாரம் முழுவதும் அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தேன் என்பதை எழுத இப்போது எனக்குக் கூச்சமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கு மனு எழுதிக் கொடுத்ததில் பத்து நிமிடம் பிந்திவிட்டேன். படம் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு முன்பே வந்த மகள் வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடற்கரை வீடு ஒன்றில் இரண்டு பெண்கள். ஒருத்தி இறந்துவிட்டாள், ஆனாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறாள். மற்றவள் இரண்டு தட்டு வைக்கிறாள். “அக்கா தங்கச்சியா?” என்று மூத்த ஆயம்மா கேட்டார்.

“இல்ல ஆயம்மா. புருஷன் பொண்டாட்டி மாதிரி வாழ்ந்தவங்க” என்றாள் என் மகள்.

மிஸி பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “போன படத்து அண்ணன் தம்பியும் அப்படித்தான் புள்ள. டீச்சர் கூச்சப்படுறாங்களேன்னு நான் கேக்கல.”

“அடி ஆத்தி, அப்போ நான் வெத்தலைக்குச் சும்மாவா அழுதேன்” என்று ஆயம்மா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மிஸி என் பக்கம் திரும்பி, “பெஞ்சில உக்காருங்க டீச்சர், நல்ல கட்டம்” என்றார். படம் முடிந்ததும் தன் தீர்ப்பைச் சொன்னார். “இதுல தப்பா நான் ஒண்ணையும் காணல. செத்துப்போனவ வந்து, சாப்பிட்டியான்னு கேக்குறா. நம்ம படத்துல எந்தப் புருஷன் பொண்டாட்டிகிட்ட அப்படிக் கேட்டிருக்கான்?” மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை என் வீட்டுக்குள் நான் கேட்டதில்லை.

அதன் பிறகு பெஞ்சுதான் எனக்கு. மகள் சொல்லும் தமிழில் பிழை தேடுவேன், அதிகம் கிடைக்காது. மிஸியின் பார்வை இப்போது அவள் மேல் இருந்தது. வீட்டில் எதற்கெடுத்தாலும் “மிஸி சொல்றாங்க”. நான் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில். மிஸி பின்னிக்கொண்டிருந்த சிவப்புக் கம்பளிச் சட்டை அவளுக்குத்தான் என்று பிறகு தெரிந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் அதை நான் போட்டுப் பார்த்தேன். கை ஏறவில்லை. எனக்குப் பொறாமை மிஸி மேலா, மகள் மேலா என்று யாராவது கேட்டிருந்தால் அன்று பதில் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு பேர் மேலும்தான்.

தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் காதில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும். அதைத் தெரிந்துகொண்டே துரைக்குக் கடிதம் எழுதினேன். பெயர் போடாமல், நல்ல இங்கிலீஷில், மிஸியின் வீட்டில் இளம் பெண்களுக்கு ஒழுக்கமில்லாத படங்கள் காட்டப்படுகின்றன என்று. பிள்ளைகளின் நன்மை கருதி என்றும் ஒரு வரி சேர்த்தேன். முக்காலியைப் பற்றி எழுதவில்லை. இரண்டு வாரத்தில் மிஸியைப் பொல்பிட்டிய பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். சாமான் ஏற்றிய அன்று அவரே முக்காலியைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். “லொறியில இடமில்ல டீச்சர். இது உங்க இடந்தானே, வச்சிக்கங்க.” இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து ஏதோ பத்திரம் வாங்க மகள் ஒபீசுக்குப் போயிருக்கிறாள். பள்ளிக்கூட அறிக்கைகளில் என் கையெழுத்தைப் பார்த்துப் பழகிய பெரிய கிளாக்கர், “ஒங்கம்மா எழுத்து அச்சு மாதிரி. மிஸியப் பத்தின அந்தக் கடுதாசிய துரையே ரெண்டு தரம் படிச்சாரு” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஒபீசுக்குப் போய் வந்ததை மட்டும் அன்று என்னிடம் சொன்னாள். மறுநாள் காலை பஸ்ஸில் போனவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்று மதியம்தான் தெரிந்தது. அவளோடு படிக்கும் பிள்ளை அவளுடைய புத்தகப் பையைக் கொண்டுவந்து கொடுத்தது. அப்போதுதான் கிளாக்கரிடம் ஓடி, நடந்ததைக் கேட்டறிந்தேன். அவள் எங்கே போயிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போய்ச் சேர்ந்தாளா என்பதுதான் தெரியவில்லை. மிஸி சொன்ன வேலையத்த பேய் போல, கதவைத் திறப்பதும் மூடுவதுமாக அந்தப் பகலைக் கழித்தேன்.

ஐந்தரை பஸ்ஸில் இரண்டு பேர் இறங்கினார்கள். பனிமூட்டத்துக்குள் முதலில் தெரிந்தது சிவப்புச் சட்டை. மகள் உள்ளே வராமல் வாசற்படியில் நின்றுகொண்டாள். மிஸி குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

“நீங்கதான் எழுதினீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர். இந்தத் தோட்டத்துல அவ்வளவு நல்லா இங்கிலீஷ் எழுத வேற யாரு இருக்கா?”

மிஸி மூலையில் கிடந்த முக்காலியை எடுத்து அறை நடுவில், வாசலைப் பார்க்கிற மாதிரி போட்டார்.

“ஏன் எழுதினீங்கன்னு கேக்கத்தான் புள்ள திரும்பி வந்திருக்கு. உக்காந்து சொல்லுங்க. அன்னைக்கு அண்ணன் தம்பின்னு மாத்தினீங்க, இந்தத் தடவை அக்கா தங்கச்சின்னு மாத்திச் சொல்லாதீங்க.”