ஆரோக்கியம் மாமாவின் ராஜ வெட்டு

பழுக்கக் காய்ச்சிய கம்பியில் வான்கோழி இறகு பொசுங்கும் நாற்றம் எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்கு ஆரோக்கியம் மாமாதான் நினைவுக்கு வருவார். அம்மாவின் தம்பி, மைசூரில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு ஏதோ அலுவலகத்துக்குப் போய்வந்தவர், பேச்சில் மட்டும் பெரிய வேட்டைக்காரர்.

அந்த வருஷம் மார்டள்ளியில் என் அப்பாவின் அக்கா லூர்து அத்தையின் மக்காச்சோளக் காட்டில் பன்றிகள் இறங்கத் தொடங்கின. அந்தக் காடுதான் அத்தைக்கு வருஷச் சோறு. பொழுது சாயும்போது பரண்மேல் ஏறித் தகர டின்னைத் தட்டினால் பன்றிகள் ஓடிவிடும். இதைக் கேள்விப்பட்ட மாமா அத்தையிடம், "டின்னெல்லாம் எதுக்கக்கா? ஸ்வல்ப பொறுங்க, நான் அம்போட வர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

கிளம்பினார் என்றா சொன்னேன்? அம்பின் வாலுக்கு எந்த இறகு, எந்த வெட்டு என்று முடிவு செய்யவே வாரக்கணக்கில் ஆயிற்று. கிறிஸ்துமஸுக்கென்று அம்மா வளர்த்த வான்கோழி பாதி மொட்டையானது. காய்ச்சிய கம்பியால் பொசுக்கி உயரமாக வெட்டிப் பார்த்தார், வாழையிலை போல நீட்டிப் பார்த்தார், கடைசியில் கேடயம் மாதிரி வளைத்து வெட்டி, அதற்கு "ராஜ வெட்டு" என்று தாமே பட்டமும் சூட்டினார். ஓர் அம்புக்கு வைக்கும் மூன்று இறகும் பறவையின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வரவேண்டும். அப்போதுதான் அம்பு ஒரே பக்கமாகச் சுழன்று நேரே போகும். வில்லைத் தொட்டவன் எவனுக்கும் தெரிந்த சங்கதி. மாமாவோ, எதிரெதிரே வளைந்தால்தான் பூப்போல இருக்கிறதென்று இடதையும் வலதையும் கலந்து ஒட்டி, ஓரத்துக்குச் சிவப்புச் சாயம் வேறு பூசினார்.

"பன்னிய அடிக்கப் போறியா தம்பி, அதுக்குப் பொண்ணு பாக்கப் போறியா?" என்றார் அத்தை, மாமாவும் நானும் மார்டள்ளியில் போய் இறங்கி அம்பைக் காட்டியதும். இருந்தாலும் தம்பி பெண்டாட்டியின் பிறந்த வீட்டு ஆளாயிற்றே. சத்தம் போட்டால் பன்றி கிட்டே வராது என்று மாமா சொன்னதை மதித்து, டின்னை வீட்டிலேயே விட்டுவிட்டு அவரோடு என்னையும் கூட்டிக்கொண்டு பரணேறினார்.

பன்றிகள் குடும்பத்தோடு வந்தன. முதல் அம்பு குடிகாரனைப் போலத் தள்ளாடிப் போய் வேலி முள்ளில் செருகிக்கொண்டது. அடுத்தது எங்கே போனதென்று எய்தவருக்கே தெரியாது. பன்றிகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அத்தை வீட்டுக்கு ஓடி டின்னோடு திரும்புவதற்குள் காடு மிதிபட்டுக் கிடந்தது.

"காத்து சரியில்லக்கா" என்றார் மாமா. ஓர் இலைகூட ஆடவில்லை. அப்புறம் அவர் தேடிப்போனது, முள்ளில் சிக்கிய அம்பின் சாயம் உரிந்திருக்கிறதா என்று பார்க்க.

இன்று அந்தக் காட்டில் பரணும் இல்லை, சோளமும் இல்லை. அத்தை எங்களோடு மைசூருக்கே வந்துவிட்டார். மாமா இப்போது தனியே குடியிருக்கும் வீட்டுக் கூடத்தில் அந்த அம்பு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. ராஜ வெட்டைப் பூச்சி தின்று தண்டுதான் மிச்சம். போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது, விருந்தாளிகளிடம் அதைக் காட்டி, "இதுலதான் ஒரு பெரிய பன்னி செத்துச்சு" என்று மாமா அளந்துகொண்டிருந்தார்.

கேக்கைப் பிட்டுக்கொண்டிருந்த அத்தை நிமிராமலே சொன்னார்: "செத்துத்தான் இருக்கும் தம்பி. எங்காட்டுச் சோளம் அத்தனையும் தின்னா, வயிறு வெடிச்சுச் சாகாம என்ன பண்ணும்?"