மாப்பிள்ளையை உட்காரவைத்த கோச்

எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு நான் தலைவராக இருந்தேன். சம்பா அறுத்த வயலை ஆடுவதற்குக் கொடுத்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. கோச்சுக்கு அந்தத் தகுதி கிடையாது. எங்கெங்கோ பல அணிகளுக்கு ஆடி, முழங்கால் போன பிறகு கோச் ஆனவர், அவ்வளவுதான். ஒல்லியான உருவம், வளைந்த கால்கள். ஆட்டம் நிற்கும்போதெல்லாம் வயலில் இறங்கி மண்கட்டிகளைப் பொறுக்கி வெளியே போடுவார்.

மயிலாடுதுறை அணியோடு இறுதி ஆட்டம். துபாயிலிருந்து வந்திருந்த என் மாப்பிள்ளையை அவர் ஆட்டத்தில் சேர்க்கவில்லை.

“யார் வயல்ல நிக்கிறீங்கன்னு தெரியுதா?” என்றேன்.

“உங்க வயல்தாங்க. மாப்பிள்ளைய உழச் சொல்லுங்க, நான் குறுக்க வரல. ஆட அவரால ஆகாதுங்க.”

அங்கேயே அவரை நீக்கினேன். தலைவருக்கும் ஒரு வேலை வேண்டுமல்லவா? அவர் கும்பிட்டுவிட்டு வரப்பில் நடந்தார். பதினொரு பையன்களும் பின்னால் போனார்கள். “அவர் சொன்னது சரிதான் மாமா” என்று மாப்பிள்ளையும் போய்விட்டார்.

ஆடாமலே கோப்பை மயிலாடுதுறைக்குப் போனது. நான் செய்தது தவறு என்று கோச்சிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குப் புரியாதது ஒன்றுதான். பின்னால் யாராவது வருகிறார்களா என்று அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.