பத்தாவது ஆள்

நான் பராமரித்த யூதப் பெரியவரை, அவருடைய ஒரே மகன் இறந்த திதியன்று, பாதர்ஸ்ற் வீதியிலிருந்த அவர்களுடைய தொழுகைக்கூடத்துக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். தகப்பன் மகனுக்காக ஒரு செபம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லப் பத்து யூத ஆண்கள் கூடியிருக்க வேண்டுமாம். வெளியே உறைமழை. அவரோடு சேர்த்து ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள்.

காத்திருந்தோம். யாரோ ஒருவர் போனில் ஆள் தேடினார். சும்மா இருக்க முடியாமல், அந்தச் செபத்தில் என்ன இருக்கிறது என்று பெரியவரிடம் கேட்டேன். நாங்கள் பேசியது ஆங்கிலம். என் மனதில் அது என் தமிழிலேயே தங்கிவிட்டது.

"சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடவுளுடைய நாமம் பரிசுத்தமாகட்டும், அவருடைய இராச்சியம் கெதியா வரட்டும். அவ்வளவுதான்."

"அது எங்கட பரலோக மந்திரமெல்லோ! ஆண்டவர் படிப்பிச்ச செபம்."

அவர் சிரித்தார். "உங்கட ஆண்டவர் செபத்தை எங்க பழகினவர் எண்டு நினைக்கிறீர்? பூசையில மூண்டு தரம் 'பரிசுத்தர்' எண்டு பாடுறியளே, அதுவும் இங்கயிருந்து போனதுதான்."

மன்னாரில் பிறந்து, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் எனக்கு இதை ஒருவரும் சொன்னதில்லை. சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அப்ப சொல்லுங்கோ, நான் ஆமென் சொல்லுறன்."

"நீர் சொல்லலாம். ஆனா உம்மைப் பத்தில ஒராளா எண்ண ஏலாது."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரு கிழவன் பிள்ளையை நினைத்து வாய் திறக்க ஆள் கணக்கா? போனில் வாறன் என்றவரும் வரவில்லை. மற்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள். பெரியவர் மூடிய செபப் புத்தகத்தின் மேல் கை வைத்தபடியே இருந்தார்.

"பத்துப் பேர் இல்லாட்டி கடவுளுக்குக் காது கேளாதாமோ?" என்றார் என் கணவர் இரவுச் சாப்பாட்டின்போது. எங்கள் கோயிலில் நூற்றுக்கணக்கில் நின்று அதே செபத்தை, கார் எடுக்கும் அவசரத்தில் ஒப்பிக்கிறோம். அந்தக் கூட்டத்தில் ஒருவரைக்கூட அவருக்குக் கடன் கொடுத்திருக்க முடியாது.

அடுத்த திதிக்கு முன்பே அவரும் காலமாகிவிட்டார். அவருக்காகப் பரலோக மந்திரம் சொல்லிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன், அது அவரிடம் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. தகப்பன் செத்தால் அந்தச் செபத்தை மகன்தான் சொல்ல வேண்டுமாம்.