நான் பார்க்காத பாதிப் படம்

பொய் சொல்லாத மனுஷன் யாரும் இல்லை. ஆனால் சொன்ன பொய்யை மறந்து, பிறகு அதைத் தானே நம்பி, கடைசியில் மோட்டார் சைக்கிளில் கட்டி எடுத்துப்போய் யாரிடம் சொன்னானோ அவர் வீட்டிலேயே இறக்கி வைத்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இந்தப் பெருமையைப் பங்குபோட இன்றுவரை யாரும் வரவில்லை.

அப்போது நான் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் மாறும் வாரங்களில் எது பசி, எது தூக்கம் என்றே பிரித்துச் சொல்ல முடியாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மிளகாய்ப் பொடி தூவியது போன்ற கண்களோடு சிரம்பான் டவுனில் ஒரு வீடியோ கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் ஒரு கேசட்டைத் தூக்கிக் காட்டினார்.

“பழைய பேய்ப் படம்ணே. சிரிப்பும் இருக்கு, பயமும் இருக்கு. இப்பதான் டேப்புல வந்திருக்கு.”

“இதா? எனக்கேவா கத சொல்ற? நம்ம படம்லா இது!” என்றேன். பெரிய மச்சானின் முகம்தான் உடனே நினைவுக்கு வந்தது. செம்பனைக் குலை ஏற்றும்போது லோரியிலிருந்து விழுந்து, இடுப்பு போய், லாபுவில் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் படுத்தே கிடந்தார் அவர். என் மனைவியின் அண்ணன். அந்த மனுஷன் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். என் நல்ல எண்ணங்களால்தான் எனக்கு எப்போதும் கெடுதல்.

அந்தப் படத்தை நாங்கள் முதலில் பார்த்தது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நானும் அதே தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த திடலில். வேனில் வந்து துணி கட்டிப் படம் காட்டுவார்கள். ‘நாங்கள்’ என்பதில் மச்சானும் என் மனைவியும் சேர்த்தி இல்லை. அவர்களின் அம்மா, அதாவது என் மாமியார், போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. துக்க வீட்டுக்காரர்கள் படம் பார்க்கமாட்டார்கள். மருமகனுக்குத் துக்கத்தில் கொஞ்சம் சலுகை உண்டு என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு பாயைத் தூக்கிக்கொண்டு போனேன்.

படத்தில் ஒரு பிணம். பாடையில் தூக்கி வைத்தால் எழுந்து உட்கார்ந்து, “அவன் வந்துட்டானா?” என்று கேட்கும். இல்லை என்றால் மறுபடி படுத்துக்கொள்ளும், ஆனால் பாடை நகராது. முதல் தடவை திடலே சிரித்தது. இரண்டாம் தடவை நானும் சிரித்தேன். மூன்றாம் தடவை அந்தப் பிணம் நேராக என்னைப் பார்த்துக் கேட்டது. மாமியார் அதே மாதிரிதான் என்னைப் பார்ப்பார். ஒன்றுக்குப் போவதாகச் சொல்லி எழுந்தவன், கோயில் விளக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். சனங்கள் பாயைச் சுருட்டும் நேரத்துக்குத் திரும்பி வந்து, “பிரமாதம்லா!” என்று எல்லோரோடும் சேர்ந்து நடந்தேன்.

மறுநாள் ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் மச்சான் கேட்டார்.

“படம் எப்படி மாப்ள?”

பாதிவரை நடித்தே காட்டினேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்பறம்? அவன் வந்தானா?”

அவர் ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பங்களில் அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்கு இளைய மகன். இளையவனான சின்ன மச்சான் வேலை பார்த்தது புக்கிட் பெலண்டோக்கில். தகவல் போய், அவன் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்று கங்காணி அவசரப்படுத்த, பெரியவரே கொள்ளிச் சட்டியைத் தூக்கிவிட்டார். சின்னவன் சுடுகாட்டுக்கு ஓடி வந்தபோது நெருப்பு பாதி தின்றிருந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

“வந்தான் மச்சான்,” என்றேன். “பொணம் அவன் கையப் புடிச்சு, ‘லேட்டானாலும் வந்தியே, அது போதும்’னு சொல்லிட்டுப் படுத்துக்கிச்சு. அதுக்கப்பறம் பாட பஞ்சு மாதிரி போச்சு.”

மச்சான் வாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். அடுத்த ஞாயிறு வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிப் புக்கிட் பெலண்டோக்குக்குப் போனார். திரும்பும்போது பின்னால் தம்பி உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு இந்த முடிவை நான் எத்தனை இழவு வீட்டில், எத்தனை டீக்கடையில் சொல்லியிருப்பேன்! சொல்லச் சொல்ல அந்தக் கை நீள்வதை நானே துணியில் பார்த்தது போல் ஆகிவிட்டது. சத்தியமாகப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

அந்த ஞாயிறு, வீடியோ கடையிலேயே பிளேயரையும் வாடகைக்கு எடுத்து, சாரத் துணியில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மத்தியானம் லயத்துக்குப் போனேன். சின்ன மச்சான் அங்கே இருந்தான். ஒவ்வொரு ஞாயிறும் வந்து அண்ணன் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் போவான். கேசட்டைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான்.

“மாமா! அண்ணன் சொல்லுமே, கையப் புடிக்கிற எடம், அந்தப் படமா?”

“அதேதான்லா.”

“அத ஒருவாட்டி கண்ணால பாத்துரணும் மாமா.”

பெரியவர் தலையணையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

அவர் வீட்டு டிவியில் படம் ஓடி, பிணம் மூன்றாம் தடவை எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இதற்கு மேல் நான் பார்த்ததில்லை! கோயில் விளக்கு நினைவுக்கு வந்தது. எண்ணெய் வாசனைகூட வந்தது. எழுந்துபோய் பிளேயரை நிறுத்தினேன்.

“என்னா மாமா?”

“பிளேயர் ஹெட் சூடாயிருச்சு. கொஞ்சம் ஆறட்டும்.”

“மேல டீ வச்சாக்கூட ஆறிப்போயிரும், அவ்வளவு ஜில்லுன்னு இருக்கு. போடுங்க.”

“டேப்பு தேஞ்சு கெடக்குதுடா. அடுத்த வாரம் நல்லதா...”

அவனே எட்டி அமுக்கிவிட்டான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

வந்தான், படத்தில் அந்த ஆள். அழுதுகொண்டே ஓடி வந்தான். பிணம் எழுந்தது. கையையும் பிடித்தது. அதுவரைக்கும் என் கதை சரியாகத்தான் இருந்தது. சின்னவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அப்புறம் பிணம் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, அவனை இழுத்துப் பாடையில் போட்டு, மேலே ஏறிப் படுத்துக்கொண்டது. தூக்குகிறவர்களில் ஒருவன், “இப்ப நவுருது, ஆனா ஏன்டா ரெட்டக் கனமா இருக்கு?” என்றான். பறையடித்துக்கொண்டே போனார்கள். ‘வணக்கம்’ என்று எழுத்து விழுந்தது.

திடலாக இருந்திருந்தால் சனங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். இங்கே டேப் சுற்றி முடியும் சத்தம்தான் கேட்டது. சின்னவன் என்னைப் பார்த்தான், பிறகு அண்ணனைப் பார்த்தான். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு அண்ணனைப் பக்குவமாகப் புரட்டி, விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தான்.

பிளேயரை மறுபடி சாரத்தில் சுற்றினேன். முடிச்சு விழவே மாட்டேன் என்றது. எதையாவது சொல்ல வேண்டும்.

“மச்சான்... அன்னிக்கு நா சொன்னது... நா வந்து, பாதியிலயே...”

குப்புறப் படுத்திருந்தவர் தலையணையிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்:

“இத யாரு மாப்ள எடுத்துட்டு வரச் சொன்னா?”