தூக்கி நிறுத்த வந்தவர்கள்

நடக்காத ஒன்றை நடந்துவிட்டது என்று சொன்னால் அதற்குப் பெயர் பொய். அதையே மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிச் சொன்னால் விசுவாச அறிக்கை. அண்ணனூரில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னச் சபையில், ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் ஷோபனா எழுந்து நின்று அப்படித்தான் சொன்னாள். "என் வீட்டுக்காரர் எழுந்து நடக்கிறார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

அவள் வீட்டுக்காரன் கஜபதி அந்த நேரத்தில் இரண்டு தெரு தள்ளி, கட்டிலில் மல்லாந்து கிடந்தான். சென்னீர்குப்பம் பக்கம் ஒரு குடோனுக்குக் கூரை மாற்றப் போனவன். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் கால் வைத்தான், அது உடைந்தது, நேராகச் சிமெண்டுத் தரையில் வந்து விழுந்தான். கழுத்துக்குக் கீழே முதுகெலும்பில் கம்பி வைத்தார்கள். மார்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது பெரிய டாக்டர் ஷோபனாவைத் தனியாகக் கூப்பிட்டு, எலும்பு கூடும்வரை இவரைத் தூக்கி நிறுத்தவே கூடாது, கம்பி நகர்ந்தால் இப்போது அசைகிற கையும் போய்விடும் என்று சொல்லியிருந்தார்.

அப்படியிருந்தும் அவள் ஏன் அதைச் சொன்னாள்? சபையில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கிடைக்காத சுகத்தைக் கிடைத்ததாக வாயால் அறிக்கை செய்தால்தான் ஆண்டவர் கிரியை செய்வாராம். ஷோபனா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். ஒரு தையல் பிசகியிருந்தாலும் சட்டையைத் தூக்கி ஓரமாகப் போடுகிறவள். தன் வாயிலிருந்து வந்ததை மட்டும் திருப்பிப் பார்க்காமல் விட்டுவிட்டாள். ஆசை அவ்வளவு இருந்தது.

இதில் வேறொரு வினையும் சேர்ந்துகொண்டது. சபை ஆராதனை வாராவாரம் போனில் நேரலையாக ஓடும். அவள் பேசியதை யாரோ வெட்டியெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அந்த வாரமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நடக்கிற அண்ணனைப் பார்க்க வேண்டும், எங்கள் தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். வேப்பம்பட்டிலிருந்து வலிப்பு வரும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒருத்தி, கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். பிறகு ஷோபனாவைப் பார்த்தாள். "நல்லா இருப்பியா நீ" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மாமியார் எல்லம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? மருமகள் சபைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்தே அவளுக்கு வயிற்றெரிச்சல். "அம்மனுக்குக் கூழு ஊத்துன ஊடு இது. அத்த நீ நிறுத்துன, எம்புள்ள உழுந்தான். இப்ப ஊரையே கூட்டியாந்து சிரிக்க வக்கிறியா?" ஷோபனா குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். பேசினால் கை நீண்டுவிடும் போலிருந்தது.

சபைக்காரர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? ஜெகதீசன் பாஸ்டர் ஜெபக் கூட்டத்தில் அவளை எல்லார் முன்னாலும் நிறுத்தினார். சபையின் பேர் கெட்டுவிட்டது என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணம்மா சிஸ்டர், பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி, தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

"ஊட்ல ஏதோ மறைவான பாவம் கீது. அதான் சுகம் தடைபட்டுக்கினு கீது."

"எங்க மறைச்சு வச்சேன் சிஸ்டர், கட்டிலுக்கு அடியிலயா? அங்க அவரு மூத்திரப் பைதான் தொங்கினு கீது. வந்து பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. பாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். சபை உபவாசம் இருக்கும், சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து கஜபதியைக் கைதூக்கி எழுப்பி நிறுத்தும். அது நேரலையிலும் போகும். ஷோபனா டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னாள்.

"டாக்டர் பெரியவரா, ஆண்டவர் பெரியவராம்மா?" என்று கேட்டார் பாஸ்டர்.

இந்தக் கேள்விக்கு ஒரு விசுவாசி என்ன பதில் சொல்ல முடியும்? அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் ஷோபனா கொதித்துக்கொண்டிருந்தாள். முதல் குழந்தை வயிற்றிலேயே போனபோது, வாய்விட்டு அழ அவளுக்கு இடம் கொடுத்தது இந்தச் சபைதான். சொந்தக்காரர்கள் ராசியில்லாதவள் என்று ஒதுக்கியபோது, இங்கேதான் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்த இடம் போய்விடும். சரி என்று சொன்னால் கஜபதியின் கைகள் போகலாம். ஆண்டவர் தாங்குவார் என்று நம்பாததால்தான் பயப்படுகிறேனா என்ற சந்தேகமும் கூடவே அரித்தது. கம்பெனியில் நல்ல சட்டைகளையெல்லாம் ஒதுக்கிப் போட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு உடம்பு துடைக்கும்போது கஜபதியே பேச்சை எடுத்தான். அவன் எந்தச் சாமியையும் கும்பிடாதவன்.

"எனுக்கு உன் சாமி மேல கோவம் இல்ல ஷோபா. உன் பாஸ்டர் கை மேலதான் பயம்."

"நீயே சொல்லிடேன், வேணாம்னு."

"நான் சொன்னா அவிசுவாசின்னுட்டு தூக்கிருவாங்க. நீ சொன்னாதான் நிப்பாங்க."

சனிக்கிழமை வந்தார்கள். கஞ்சிராவும் எண்ணெய்ப் புட்டியும் போனை நிறுத்தி வைக்கிற ஸ்டாண்டுமாக, பத்துப் பதினைந்து பேர் அந்த ஒற்றை அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். பாட்டு காதைப் பிளந்தது. வாசலில் எல்லம்மா அதற்கு மேல் கத்தி ஒப்பாரி வைத்தாள். பாஸ்டர் கஜபதியின் நெற்றியில் எண்ணெய் பூசி, பாவக் கட்டு முறியட்டும் என்று அதட்டினார். இரண்டு சகோதரர்கள் ஆளுக்கொரு பக்கம் போய் அவன் அக்குளில் கை கொடுத்தார்கள். கஜபதியின் தலை தலையணையை விட்டு ஒரு விரல் அளவு எழும்பியது. அவன் ஷோபனாவை மட்டும் பார்த்தான்.

அவள் கட்டிலின் மேல் ஏறிவிட்டாள். அவன் மேல் தன் பாரம் படாமல் இரண்டு பக்கமும் கையும் முழங்காலும் ஊன்றி, கூரை மாதிரி அவனை மறைத்துக்கொண்டாள்.

"கைய எடுங்க. அவர மெதுவா கீழ உடுங்க."

"சிஸ்டர், சாத்தானுக்கு இடம் கொடுக்காதே" என்றார் பாஸ்டர்.

"எடுங்கன்றேன். அன்னிக்கு நான் மைக்ல சொன்னது பொய். இவரு நடக்கல. நான் ஆசப்பட்டதத் தூக்கி ஆண்டவர் தலைல போட்டேன். அவரு எழுப்பணும்னு நெனச்சா அவரே எழுப்புவாரு, உங்க கையும் வேணாம், போனும் வேணாம். எழுப்பலன்னா நான் பாத்துக்கறேன்."

எல்லாம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஓடிப்போய்ப் போனைக் கவிழ்த்தார்கள். சகோதரர்கள் கையை உருவிக்கொண்டார்கள். பாஸ்டரின் முகம் கடுத்தது. இனிமேல் இராப்போஜனத்துக்கு, சபையில் அப்பமும் ரசமும் வாங்க, வரக் கூடாது, இந்த வீட்டுப் படியைச் சபை மிதிக்காது என்றார். கண்ணம்மா சிஸ்டர் போகிற போக்கில், "இதுக்கும் மேல வரும், பாத்துக்கினே இரு" என்றாள். விசுவாசத்தைப் பற்றி மூச்சுக்கு முந்நூறு தரம் பேசுகிறவர்களுக்குச் சபிக்க மட்டும் எப்படித்தான் இவ்வளவு சீக்கிரம் வாய் வருகிறதோ தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் எல்லம்மா உள்ளே வந்தாள். மகனின் கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். எல்லாம் அசைந்தன. மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. "அவங்களும் உன்ன உட்டாங்க, நாங்க எப்பவோ உட்டோம். இன்னும் இன்னாத்துக்கு அந்தச் சாமிய புட்ச்சு தொங்கினு கீற?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. சபை ஒலிபெருக்கியில் பாட்டு தெருவெல்லாம் கேட்டது. ஷோபனா குளித்து, தலைக்கு முக்காடு போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் முழங்கால் போட்டாள். மனசு ஆறவில்லை. ஜெபமா சண்டையா என்று சொல்ல முடியாத குரலில் ஆரம்பித்தாள்.

"இயேசப்பா, இவரு எய்ந்து நடக்கணும். எனுக்கு அதான் வேணும், வேற ஒண்ணும் வேணாம். உங்க சித்தம் அது இல்லன்னா, சரி, தலைய ஆட்டறேன். ஆனா எனுக்கு சந்தோசம்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. இனிமே பொய் சொல்ல மாட்டேன். எனுக்குக் கோவம்தான். கோவத்தோடயே உங்ககிட்டதான் இருப்பேன். வேற எங்க போவேன், நீங்களே சொல்லுங்க."

அவள் மூச்சு வாங்கினாள். கட்டிலிலிருந்து கஜபதியின் கை நீண்டு வந்து அவள் முக்காட்டின் மேல் படிந்தது.

"ஆமென் சொல்லட்டா, இல்ல இன்னும் திட்டறது பாக்கி கீதா?" என்று கேட்டான்.

"கீது, இரு" என்றாள் ஷோபனா.