உயிருடன் நேரில் வந்தார்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பதினெட்டு வருடம் அரசாங்கப் பதிவேடு எழுதிய கை இது. கண்ணால் பார்க்காததை எழுதிப் பழக்கமே கிடையாது. அதுவே வினையாகவும் முடிந்தது.

1876 நவம்பர் 14. வடக்கு ரஷ்யாவின் வோலோக்தா மாகாணத்தில், பதினோரு கிராமங்களுக்குப் பொதுவான வட்டார அலுவலகத்தில் நான் எழுத்தர். மறுநாள் ஜாரின் படைக்கு ஆள் எடுக்கும் சீட்டுக் குலுக்கல். காலையிலிருந்தே பரமோன் என்ற குடியானவர் என்னை விடவில்லை. மூத்தவன் நிகான் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கூலி வேலைக்குப் போனவன். இரண்டு வருடமாகத் தகவலே இல்லை. இளையவன் தெரெந்தியின் பெயர் குலுக்கலில் இருந்தது. மூத்தவன் செத்துவிட்டான் என்று நான் எழுதினால், ஒரே மகன் என்று இளையவனை விட்டுவிடுவார்கள். அந்த வீட்டில் ஏர் பிடிக்க வேறு ஆள் கிடையாது.

“எழுதிடுங்க ஐயா. பெத்தவனுக்குத் தெரியாதா? அவன் இல்ல.”

சாவுக்குக் காகிதம் வேண்டும் என்று கறாராகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாலை 3:50. வடக்குக் குளிர்காலம், வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. எங்கள் கதவு கிரீச்சிடாமல் திறந்ததே கிடையாது. அன்று சத்தமே வரவில்லை... நிமிர்ந்தால், மேசைக்கு முன்னால் நிகான் நிற்கிறான்.

உள்ளே வருகிற எவரும் தொப்பியைக் கழற்றி, மூலையிலிருக்கும் புனிதர் படத்தைப் பார்த்துச் சிலுவை போடுவார்கள். அவன் போடவில்லை. பட்டணத்துத் திமிர் என்று எரிச்சல்பட்டேன்.

“என் பேரை அடிச்சிடுங்க.”

“குத்துக்கல்லாட்டம் நிக்கிற. உன்னை எப்படிடா அடிக்கிறது?”

“தம்பியை விட்டுடுங்க... என் பேரை அடிச்சிடுங்க.”

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அடுப்பு தகதகவென்று எரிந்தது. எனக்கு வேர்த்தது. அவன் தாடியில் பனிக்கட்டி தொங்கியது.

4:05. அது உருகவில்லை.

ஒரு சொட்டுகூட...

பேனாவை மையில் தோய்த்தேன். பயந்துகொண்டு பதிவேட்டில் பொய் எழுதுவேனா? பார்த்ததை எழுதினேன்: ‘நிகான், உயிருடன் நேரில் வந்தார்.’

தலை தூக்கினேன்.

ஆள் இல்லை.

வாசலிலேயே விறகு அடுக்கிக்கொண்டிருந்த காவலாளி, யாருமே வரவில்லை என்றான். அந்த வரியை அப்போதே அடித்திருக்கலாம். பதிவேட்டில் அடித்தல் கூடாது என்று விட்டுவிட்டேன், பாவி.

அண்ணன் உயிருடன் என்று பதிவேடு சொன்னதால் தெரெந்திக்கு விலக்கு இல்லை; மறுநாள் அவன் எடுத்த சீட்டு அவனைப் படைக்கு அனுப்பியது.

அடுத்த வருடம் மே மாதம் ஆற்றுப் பனி உடைந்தது. மாவு மில் அணையில் ஓர் உடல் ஒதுங்கியது. நிகான்தான். ஊருக்குத் திரும்புகிற வழியில், இறுகாத பனியில் கால் வைத்திருக்கிறான். ஆறு முழுதாக உறைந்த நவம்பர் மூன்றுக்கு முன்பே விழுந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார்.

என் மேசை முன்னால் அவன் நின்றது பதினான்காம் தேதி.

தெரெந்தியைத் திருப்பி அனுப்பக் கேட்டு மேலிடத்துக்கு மனு எழுதினேன். பதில் வருவதற்குள் அவன் துருக்கியப் போரில் மடிந்துவிட்டான்.

மருத்துவர் எழுதியது, தெரெந்தியின் சாவுச் செய்தி, இரண்டு காகிதங்களையும் பரமோனுக்குப் படித்துக் காட்டி, அன்று மாலை நான் பார்த்ததையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“அன்னைக்கு வந்தானே... குளிருதுன்னு சொன்னானா ஐயா?”