ஜப்பான் படத்தில் வெட்டிய விரல்

அப்புத்தளையில் மழை விடாத ஒரு ஞாயிறு மதியம், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் தம்பி ஒரு ஜப்பான் ரவுடிப் படம் போட்டான். அப்படியொரு கிறுக்குப் படத்தை நான் பார்த்ததில்லை. தப்புச் செய்த அடியாள், மன்னிப்புக் கேட்டுத் தன் சுண்டுவிரலை வெட்டித் தலைவன் முன்னால் வைக்கிறான். அந்த விரல் பேயாகி, தலைவனின் சூப்புக்குள் குதித்து நீந்துகிறது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். தேயிலை பெக்டரி மெஷினில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்த அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு நானுந்தான் தோட்டத்துத் தொரைக்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்" என்றார்.

"வெரல் போனது உங்களுக்கு. நீங்க எதுக்குப்பா மன்னிப்புக் கேக்கணும்?" என்று கத்திவிட்டேன்.

"என்னால மெஷின நிப்பாட்ட வேண்டியதாப் போச்சில்ல."